எஞ்சின் எண்ணெய்ச் செலவும் எண்ணெய் பிடிக்கும் பேணியும்



துலாவும் சூத்திரமும் நின்ற கிணற்றடியில் இன்று நீரிறைக்கும் இயந்திரம் நிற்கின்றது. எருது சென்ற வயலில் இருசில்லு உழவு இயந்திரம் செல்கின்றது. எருதுக்கு வைக்கோலும் தண்ணீரும் வேண்டியிருந்தவாறே இயந்திரத்திற்கு எரிபொருளும் எண்ணெயும் வேண்டும். எரிபொருட் செலவை எல்லோரும் எண்ணிப் பார்க்கின்றனர். 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக வரிசையில் நின்றவர்கள் அதனை எளிதில் மறவார். ஆனால் எஞ்சின் எண்ணெய்ச் செலவோ கணக்கில் ஏறாமலே கரைந்து போகின்றது. "இந்த இயந்திரம் எண்ணெய் குடிக்கிறது" என்று சொல்லிப் போத்தலை எடுத்து ஊற்றிவிட்டு வேலையைத் தொடர்வதே வழக்கமாகிவிட்டது. எவ்வளவு குடிக்கின்றது, எந்த வழியாற் குடிக்கின்றது என்று கேட்பவர் சிலரே.

அண்மைக் காலத்தில் இதற்கு ஒரு கைவைத்தியம் பரவி வருகின்றது. எஞ்சினின் மூச்சுக்குழாயில் ஒரு பேணியைப் பொருத்தி, அவ்வழியாக வெளியேறும் எண்ணெயைப் பிடித்துக்கொண்டால், எண்ணெய்ச் செலவு பாதியாகிவிடும் என்பதே அது. மோட்டார் வாகனக்காரரிடையே தோன்றிய இம்முறை, கைத்தொலைபேசியிற் காணும் படங்கள் வாயிலாகக் கமக்காரரிடமும் வந்து சேர்ந்துள்ளது. இளைஞர் சிலர் தாமே பேணி செய்து பொருத்துகின்றனர். திருத்துநர் சிலர் இது வீண் வேலை என்று நகைக்கின்றனர்.

இவ்விரு சாராரும் பாதி உண்மையையே சொல்கின்றனர் என்பது என் கருத்து. பேணி எண்ணெய்ச் செலவைத் தானாகக் குறைக்கும் மருந்தன்று. ஆயினும் எண்ணெய் எங்கே போகின்றது என்பதைக் காட்டும் நல்ல அளவுகருவியாகும். கிணற்றடியைக் காக்கும் காவலுமாகும். அந்த எண்ணத்தோடு அதனைச் செய்பவர் இலாபமடைவர். மருந்தென்று நம்பிச் செய்பவர் ஏமாறுவதோடு, சிலவேளை நல்ல எஞ்சினையும் கெடுத்துக்கொள்வர்.

எண்ணெய் போகும் வழிகள்

எஞ்சினில் ஊற்றிய எண்ணெய் மூன்று வழிகளாலே குறையும்.

முதலாவது, எரிந்து போதல். பிஸ்டனைச் சுற்றியுள்ள றிங் எனப்படும் வளையங்கள் தேய்ந்தாலும், கரி பிடித்து இறுகினாலும், வால்வுத் தண்டு செல்லும் வழி தேய்ந்தாலும், எண்ணெய் எரியும் அறைக்குட் புகுந்து எரிபொருளோடு எரிந்துவிடும். புகைபோக்கியில் நீலநிறப் புகை வருவது இதற்கு அடையாளம். கரும்புகை எரிபொருள் மிகுதியையோ காற்றுக் குறைவையோ காட்டுவது. இரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடாது.

இரண்டாவது, ஒழுகிப் போதல். சுழலும் தண்டு வெளிவரும் இடத்திலுள்ள ஒயில் சீல், மூடிகளின் இடையிலுள்ள காஸ்கற்று, அடியிலுள்ள வடிகால் திருகாணி ஆகியவற்றால் எண்ணெய் கசியும். எஞ்சினைத் துடைத்துச் சுத்தமாக்கி ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் கசிவு எங்கே என்பது தெரிந்துவிடும். சேறும் தூசியும் ஒட்டிக் கிடக்கும் எஞ்சினிலே கசிவைக் கண்டுபிடித்தல் அரிது.

மூன்றாவது, மூச்சுக்குழாய் வழியாகப் போதல். பேணி பிடிப்பது இந்த மூன்றாம் வழியால் வரும் எண்ணெயை மட்டுமே. உங்கள் இயந்திரத்தின் எண்ணெய் முதலிரு வழிகளாற் போகின்றதாயின், எத்தனை பேணி பொருத்தினும் ஒரு துளியும் மிஞ்சாது. பேணியைப் பற்றிப் பேசுவோர் பலர் முதலிற் சொல்ல வேண்டிய இவ்வுண்மையைச் சொல்வதில்லை.

இவற்றோடு, எண்ணெய் குறையாதது போலத் தோற்றும் ஒரு மயக்கமும் உண்டு. மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரங்களில், எஞ்சின் நன்றாகச் சூடேறுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால், எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைத் தாண்டி அடியிலுள்ள எண்ணெயோடு கலக்கும். அளவுகோலிற் பார்த்தால் எண்ணெய் குறையாமலே இருக்கும். சிலவேளை கூடியுங் காணப்படும். உடையவர் மகிழ்ச்சியடைவார். ஆனால் உள்ளே இருப்பது எண்ணெயன்று. எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்த தண்ணீர் போன்ற கலவை. அது தேய்மானத்தைத் தடுக்கும் வலுவை இழந்துவிட்டது. ஆதலால் அளவுகோலை இழுத்தவுடன் மணந்தும் பாருங்கள். மண்ணெண்ணெய் மணம் வீசினாலோ, எண்ணெய் விரலில் வழவழப்பின்றி ஓடினாலோ, அதனை உடனே மாற்றுதல் வேண்டும். தொண்ணூறுகளிற் பெற்றோல் கிடையாத காலத்தில் வடக்கில் மண்ணெண்ணெயைக் கொண்டே எல்லா எஞ்சின்களையும் ஓட்டிய கமக்காரர் இதனை நன்கறிவர்.

எஞ்சினுக்கு மூச்சுக்குழாய் ஏன்?

எரியும் அறையிலே வாயு வெடித்து விரியும்பொழுது அதன் ஒரு சிறு பங்கு வளையங்களின் இடுக்கால் நழுவிக் கீழேயுள்ள அடிப்பெட்டிக்குட் புகும். புதிய எஞ்சினிலும் இது நிகழும்; தேய்ந்த எஞ்சினில் மிகுதியாக நிகழும். அன்றியும், ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் செல்லுந்தோறும் அடிப்பெட்டிக்குள் இருக்கும் காற்று விரிந்தும் ஒடுங்கியும் துடிக்கின்றது. இவ்வமுக்கம் வெளியேற வழி வேண்டும். இல்லையேல் ஒயில் சீல்களைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் பீறிடும். இதற்காகத் தயாரிப்பாளர் வைத்த வழியே மூச்சுக்குழாய்.

வெளியேறும் வாயு தனியே போவதில்லை. உள்ளே சுழலும் தண்டு எண்ணெயை அடித்துத் தெறிக்கச் செய்வதால் உண்டாகும் எண்ணெய்ப் பனியையும் சுமந்து செல்கின்றது. டீசலில் ஓடும் உழவு இயந்திர எஞ்சின்கள் பலவற்றில் மூச்சுக்குழாய் வெளியே திறந்திருக்கும். அதன் கீழே கறுப்பாக எண்ணெய் வழிந்திருப்பதைக் காணலாம். பெற்றோலில் ஓடும் சிறு இறைப்பு எஞ்சின்களிற் பெரும்பாலானவற்றில் அது காற்று வடிகட்டிப் பெட்டிக்குட் செல்லும். அங்கே எண்ணெய் மிகுதியாகப் போனால் வடிகட்டி நனைந்து அடைபடும், காற்றுக் குறைந்து எஞ்சின் வலுவிழக்கும், எரிபொருளும் வீணாகும்.

இந்த வழியில் மெல்லிய தகட்டு வால்வு ஒன்று இருப்பது வழக்கம். வாயுவை வெளியே விட்டு உள்ளே வராமற் றடுப்பது அதன் தொழில். அது உடைந்தாலோ, கரியும் பிசினும் பிடித்துத் திறந்தபடி நின்றாலோ, எஞ்சின் எண்ணெயை வாந்தி எடுக்கும். எனவே பேணி செய்யப் புகுமுன் மூச்சு வழியைக் கழற்றி, மண்ணெண்ணெயிற் கழுவி, வால்வு நன்றாக மூடித் திறக்கின்றதா என்று பார்ப்பது முதற் கடமை. பல இயந்திரங்களில் நோய் இதனோடே தீர்ந்துவிடும், செலவும் இல்லை.

பேணி செய்யும் முறை

அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை கொள்ளும், திருகு மூடியுள்ள தடித்த தகரப்பேணி அல்லது அலுமினியப் பேணி ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும். மா அடைத்து வரும் மெல்லிய பேணி அதிர்ச்சியால் விரைவில் வெடிக்கும். சோடாப் போத்தல் எஞ்சினின் வெப்பத்திற் சுருங்கி உருகும். ஆதலால் இவை இரண்டும் வேண்டா.

மூடியில் இரண்டு துளைகள் இட்டு, உலோகக் குழாய்த் துண்டுகள் இரண்டினைப் பற்றவைக்கவும். ஒன்று எஞ்சினிலிருந்து வாயு வரும் வழி. மற்றது வாயு வெளியேறும் வழி. வரும் குழாய் பேணியின் நடுவளவுக்குக் கீழே இறங்கி நிற்க வேண்டும். ஆனால் அடியில் எண்ணெய் தேங்கும் இடத்தைத் தொடுதல் கூடாது. வெளியேறும் குழாய் மூடியோடு ஒட்டிய உயரத்திலே முடிய வேண்டும். இரண்டின் உள்ளகலமும் எஞ்சினின் மூச்சுக்குழாய் அகலத்திற்குக் குறையாதிருத்தல் அவசியம். குழாயை ஒடுக்கினால் எஞ்சினின் கழுத்தை நெரித்தது போலாகும்.

பேணியின் மேற்பாதியில், ஒரு கம்பிவலைத் தட்டின்மேல், பாத்திரம் துலக்கும் துருவேறா எஃகுச் சுருளைத் தளர்வாக வைக்கவும். வரும் குழாய் இத்தட்டினூடே கீழிறங்க வேண்டும். எண்ணெய்ப் பனி கீழிருந்து மேலேறும்பொழுது சுருளிற் பட்டுத் துளியாகி அடியில் விழும். சுருள் வைக்காத வெறும் பேணியிற் பனியின் பெரும்பகுதி நின்றுவிடாது. வந்த வழியே போய்விடும். மெல்லிய இரும்பு நாரும் பஞ்சும் சீலையும் வைத்தல் கூடாது. நார் உடைந்து எஞ்சினுக்குட் போகும். பஞ்சு நனைந்து வழியை அடைக்கும்.

அடியில் ஒரு சிறு வடிகால் திருகாணி வைத்தால் எண்ணெயை அளந்து எடுத்தல் எளிது. இணைப்புக்கு எண்ணெயையும் வெப்பத்தையும் தாங்கும் றப்பர்க் குழாயே வேண்டும். தோட்டத்திற்குத் தண்ணீர் பாய்ச்சும் பிளாஸ்ரிக் குழாய் சூட்டில் நெகிழ்ந்து மடிந்து போகும். இரு முனைகளையும் கிளிப்பு இட்டு இறுக்கவும். பேணியைப் புகைபோக்கிக்கு எட்டத்தில், காற்றுப் படும் இடத்தில், ஆடாதபடி பட்டியாற் கட்டவும். குளிர்ந்த பேணியே எண்ணெயை நன்றாகப் பிடிக்கும். சூட்டுக்கு அருகில் வைத்தால் தீப்பற்றும் அபாயமும் உண்டு.

மூச்சுக்குழாய் வெளியே திறந்திருக்கும் டீசல் எஞ்சினாயின், பேணியின் வெளியேறும் குழாயைத் தூசி விழாதபடி கீழ்நோக்கி வளைத்துத் திறந்தே விடலாம். மூச்சுக்குழாய் காற்று வடிகட்டிப் பெட்டிக்குச் செல்லும் எஞ்சினாயின், பேணியின் வெளியேறும் குழாயை மீண்டும் அதே இடத்தில் இணைக்க வேண்டும். இங்கே பேணியின் மூடி காற்றுப் புகாதபடி இறுகியிருத்தல் மிகமிக முக்கியம்.

செய்யத்தகாதவை

ஒன்று: மூச்சுக்குழாயை ஒருபொழுதும் அடைக்கலாகாது. "எண்ணெய் வரும் வாயை அடைத்துவிட்டேன், இப்பொழுது வருவதில்லை" என்று சொல்வாரும் உளர். சில நாளில் ஒயில் சீல் கிழிந்து, முன் துளித்துளியாய்ப் போன எண்ணெய் வாரியாய்ப் போகும்.

இரண்டு: காற்று வடிகட்டிப் பெட்டியிலிருந்து மூச்சுக்குழாயைக் கழற்றிவிட்டு, அங்கேயுள்ள துளையைத் திறந்தபடி விடலாகாது. அது வடிகட்டிக்குப் பின்னால் அமைந்த துளையாயின், வடிகட்டாத புழுதி நேரே எஞ்சினுக்குட் போகும். ஒரு போத்தல் எண்ணெயை மிச்சம் பிடிக்கப்போய் சிலிண்டரை அரைத்துக்கொண்டவர் கதையாகவே அது முடியும்.

மூன்று: பேணியிற் சேர்ந்த எண்ணெயைத் திரும்ப எஞ்சினில் ஊற்றலாகாது. அதில் நீரும், எரியாத எரிபொருளும், எரிந்த வாயுவின் அமிலமும் கலந்துள்ளன. குறிப்பாக நுவரெலியா போன்ற குளிர்ந்த மலைப் பகுதிகளில், மரக்கறித் தோட்டத்திற்குச் சிறிது நேரமே இயந்திரத்தை ஓட்டி நிறுத்துவோரின் பேணியில் மோர் போன்ற வெண்ணிறக் கலவை சேர்வதைக் காணலாம். எஞ்சின் முற்றாகச் சூடேறாமையால் உள்ளே படிந்த நீரே அது. அதனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எஞ்சினை இன்னும் சற்று நேரம் சுமையோடு ஓட்ட வேண்டும் என்பதே அது சொல்லும் செய்தி. ஆனால் அதை எஞ்சினுக்கு மீண்டும் ஊட்டுவது நஞ்சூட்டுவதாகும்.

நான்கு: எரிபொருளோடு எண்ணெயைக் கலந்து ஊற்றும் முதுகில் சுமக்கும் மருந்து தெளிகருவி, புல்வெட்டும் கருவி போன்றவற்றின் எஞ்சின்களுக்கு இப்பேணி பொருந்தாது. அவற்றில் அடிப்பெட்டி எரிபொருள் செல்லும் வழியாகவே அமைந்துள்ளது. அவற்றிற் கை வைக்க வேண்டா.

பேணி சொல்லும் கணக்கு

இனிப் பேணியின் உண்மையான பயனுக்கு வருவோம். ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் இயந்திரம் ஓடியது, எத்தனை மில்லிலீற்றர் எண்ணெய் ஊற்றினீர்கள் என்பவற்றைக் குறியுங்கள். 50 மணி நேரம் ஓடியபின் பேணியைத் திறந்து அதிலுள்ளதை அளந்து குறியுங்கள். எண்ணெயின் அளவை எப்பொழுதும் சமதரையில், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்தே பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 50 மணி நேரத்தில் 350 மில்லிலீற்றர் எண்ணெய் ஊற்றப்பட்டது என்று கொள்வோம். பேணியில் 40 மில்லிலீற்றரே உள்ளது. வெளியே கசிவும் இல்லை. அவ்வாறாயின் ஏறக்குறைய 300 மில்லிலீற்றர் எரிந்து போயிற்று. இங்கே குற்றவாளி வளையங்களோ வால்வு வழியோ ஆகும். பேணி இதற்கு ஒன்றுஞ் செய்ய இயலாது. இனி, அதே 350 மில்லிலீற்றரில் 250 மில்லிலீற்றர் பேணியிற் காணப்பட்டால், எண்ணெய் மூச்சுக்குழாயால் தள்ளப்படுகின்றது. அளவுக்கு மிஞ்சி எண்ணெய் ஊற்றியமை, எஞ்சின் சரிவாக நின்றமை, தகட்டு வால்வு பழுதடைந்தமை, வளையங்களால் வாயு மிகுதியாய் நழுவுதல் என்னும் நான்கில் ஒன்று காரணமாகும். முதல் மூன்றையும் நீங்களே திருத்தலாம். அவற்றைத் திருத்தியும் பேணி விரைவாக நிறையுமாயின் நான்காவதே காரணம் எனத் துணியலாம்.

இக்கணக்கோடு திருத்துநரிடம் செல்லும் கமக்காரருக்கும், "எண்ணெய் குடிக்கிறது" என்று மட்டும் சொல்லிச் செல்லும் கமக்காரருக்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்னவரின் எஞ்சின் முழுவதும் பிரிக்கப்படும். தேவையற்ற பாகமும் மாற்றப்படும். முன்னவர் வேண்டிய இடத்தைக் காட்டி வேண்டிய வேலையைக் கேட்பார். பேணியினால் வரும் பெரிய மிச்சம் அதிற் சேரும் எண்ணெயிலன்று, இங்கேதான் உள்ளது.

மேலும் ஒன்று. பெற்றோலில் ஓடும் 5, 6 குதிரைவலு இறைப்பு எஞ்சின்கள் பல ஏறத்தாழ 600 மில்லிலீற்றர் எண்ணெயே கொள்வன. அதில் 300 மில்லிலீற்றர் போனால் பாதி போயிற்று. எஞ்சியது விரைவிற் கொதித்துக் கரியாகும். மிளகாய் பூக்கும் காலத்தில், வெங்காயம் காய் பருக்கும் காலத்தில், இறைப்பு நடுவே எஞ்சின் இறுகி நின்றால், நட்டம் எண்ணெயின் விலையோடு நிற்பதில்லை. கடன் பட்டு நட்ட பயிர் கண்முன்னே வாடும். வாடகைக்கு இயந்திரம் தேடியலையும் நாளில் அயலவர் எல்லோருக்கும் அவரவர் இயந்திரம் தேவையாகவே இருக்கும்.

எண்ணெயை மெய்யாகவே மிச்சப்படுத்தும் வழிகள்

எண்ணெய்ச் செலவுக்குத் தலையாய காரணம் புழுதி என்பேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மழைக்கு முன் புழுதியில் உழுது விதைக்கும் வயல்களில், உழவு இயந்திரம் தான் எழுப்பிய புழுதி முகிலுக்குள்ளேயே மூச்சு விடுகின்றது. வடிகட்டி பழுதாயின், அம்மணல் எண்ணெயோடு கலந்து சாணைக்கல் போல வளையங்களைத் தேய்க்கும். ஆதலால் புழுதி உழவுக் காலத்தில் வடிகட்டியை நாள்தோறும் பார்க்க வேண்டும். எண்ணெய்க் கிண்ணம் உள்ள வடிகட்டியாயின், அடியிற் சேறு படிந்ததும் கழுவிப் புது எண்ணெய் இட வேண்டும். கிண்ணத்தில் குறித்த கோட்டுக்கு மேல் எண்ணெய் விடலாகாது. மிஞ்சிய எண்ணெயை எஞ்சின் உறிஞ்சி எரித்து நீலப்புகை கக்கும். அது வளையத்தின் குற்றம் என்று எண்ணி எஞ்சினைப் பிரித்தவர்களும் உண்டு.

இரண்டாவது காரணம் வெப்பம். நீர்த்தொட்டி உள்ள டீசல் எஞ்சின்களில், ஓட ஓட நீர் ஆவியாகிக் குறையும். நீரை இட்டு நிரப்பாமல் உழுதால் பிஸ்டன் சூடேறி வளையங்கள் கரிபிடித்து இறுகும். எஞ்சின் சூடாயிருக்கையில் நீர் முற்றாக வற்றியது கண்டால், உடனே குளிர்நீர் ஊற்றாமல் நிறுத்தி ஆறவிட்டபின் ஊற்றவும். காற்றாற் குளிரும் எஞ்சின்களில் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளிடையே அடைந்த வைக்கோற் றூசியைத் துப்புரவு செய்யவும்.

மூன்றாவது, எண்ணெயின் தரம். எந்தத் தடிப்புள்ள எண்ணெய் இட வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் கைநூலே சொல்லும். எஸ்.ஏ.ஈ. 30 கேட்கும் எஞ்சினுக்கு 40 நல்லதென்றோ, 40 கேட்கும் எஞ்சினுக்கு மெல்லிய எண்ணெய் மலிவென்றோ மாற்றுதல் கூடாது. முத்திரையிட்ட கொள்கலத்தில் வருவதையே வாங்குங்கள். திறந்த பீப்பாவிலிருந்து அளந்து விற்கும் எண்ணெய் எத்தனை எஞ்சின்களைக் கண்டதோ யாரறிவார்?

நான்காவது, நேரத்திற்கு மாற்றுதல். சிறு பெற்றோல் எஞ்சின்கள் பலவற்றுக்குப் பொதுவாக முதல் 20 மணி நேரத்திலும், பின்னர் 100 மணி நேரத்திற்கொரு முறையும் எண்ணெய் மாற்றுமாறு தயாரிப்பாளர் கூறுவர். ஊற்றிக்கொண்டே இருப்பதால் மாற்ற வேண்டியதில்லை என்று சிலர் வாதிப்பர். இது தவறு. புது எண்ணெய் சேர்வதால் பழைய அழுக்கு வெளியேறுவதில்லை.

ஐந்தாவது, இயந்திரத்தைச் சமமாக நிறுத்துதல். வாய்க்கால் வரம்பிலும் கிணற்றுக் கட்டின் சரிவிலும் நிறுத்தி ஓட்டும் எஞ்சின், எண்ணெய் நிறைந்திருந்தும் ஒரு பக்கம் வறண்டு மறுபக்கம் மூச்சுக்குழாயாற் கக்கும். நான்கு கற்களும் ஒரு பலகையும் போதும். இதற்குப் பணம் வேண்டியதில்லை.

கிணற்றடி

பேணியை நான் விரும்பி ஏற்பதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. இறைப்பு இயந்திரம் நிற்பது கிணற்றடியிலே. அதன் மூச்சுக்குழாயாலும் வடிகாலாலும் ஒழுகும் எண்ணெய் விழுவதும் அங்கேதான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. குடிப்பதும் பயிருக்கு இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லினடியில் தேங்கிய மழைநீரே. அக்கல் வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. மேலே ஊற்றியது விரைவாகக் கீழே போய்ச் சேரும். ஒருவர் கிணற்றில் விழுந்தது அயலவர் கிணற்றுக்கும் பரவும்.

சுன்னாகத்தில் மின்னிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தமையும், மக்கள் தம் கிணற்று நீரைக் குடிக்க அஞ்சிப் பிற இடத்து நீரை எதிர்பார்த்து நின்றமையும் யாவரும் அறிந்ததே. அவ்வழக்கில் 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கக் கட்டளையிட்டது. அது பெரிய நிலையத்தின் செயல், எம் சிறு இயந்திரம் என்ன செய்யும் என்று கேட்கலாம். ஒரு தோட்டத்தில் ஒரு போத்தல் சிறிதுதான். ஆனால் கிணறு தோறும் ஓர் இயந்திரம் நிற்கும் ஊரில், ஆண்டுதோறும் மாற்றும் பழைய எண்ணெய் அனைத்தும் வேலியோரத்தில் ஊற்றப்படுமானால் அது சிறிதாகாது. பெரியவர் செய்தால் வழக்கு, நாம் செய்தால் வழக்கம் என்றிருத்தல் நியாயமன்று.

எனவே பேணியில் வடித்ததையும், மாற்றிய பழைய எண்ணெயையும் மூடியுள்ள கலத்திற் சேர்த்து வையுங்கள். நிலத்தில், வாய்க்காலில், எருக்குழியில் ஊற்றாதீர்கள். அடுப்பு மூட்டவும் பயன்படுத்தாதீர்கள். அதன் புகை உடலுக்குக் கேடு. கமக்காரர் அமைப்பு ஒவ்வொன்றும் கிணறுகளுக்கு எட்டத்தில், கூரையின் கீழ், சீமெந்துத் தரையில் ஒரு பீப்பாவை வைத்து, உறுப்பினரின் பழைய எண்ணெயைச் சேர்த்து, அதனை முறையாக எடுத்துச் செல்வோரிடம் ஒப்படைக்க வேண்டும். இதனைத் தனியொருவர் செய்வது கடினம். ஓர் அமைப்பாகச் செய்வது எளிது.

முடிவு

பேணி வீண் வேலை என்று சொல்லும் திருத்துநருக்கு என் விடை இது: உங்கள் கராச்சிற்கு வரும் எஞ்சின், எவ்வளவு எண்ணெய் எவ்வழியாற் போயிற்று என்ற கணக்கோடு வருமானால் உங்கள் வேலையும் எளிதாகும். பேணி பாதிச் செலவை மிச்சப்படுத்தும் என்று சொல்லும் இளைஞருக்கு என் விடை இது: உங்கள் கைத்திறன் பாராட்டத்தக்கது; ஆனால் பேணி நிறைந்தது கண்டு மகிழாதீர்கள், ஏன் நிறைந்தது என்று கேளுங்கள். நிறையாத பேணியே நல்ல எஞ்சினுக்கு அடையாளம்.

அடுத்த போகத்திற்கு முன் மூன்று வேலைகளைச் செய்து முடியுங்கள். மூச்சு வழியையும் காற்று வடிகட்டியையும் கழற்றித் துப்புரவு செய்யுங்கள். பேணியைச் செய்து பொருத்தி ஒரு கொப்பியில் கணக்கு எழுதத் தொடங்குங்கள். இயந்திரம் நிற்கும் இடத்தைச் சமமாக்கி, அதன் கீழே எண்ணெய் நிலத்தில் விழாதபடி ஒரு தகரத் தட்டை வையுங்கள். 50 மணி நேரக் கணக்கு கையில் இருக்குமாயின், மேற்கொண்டு செய்ய வேண்டியது யாது என்பதை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரோடு கலந்து முடிவு செய்யலாம்.